கோயில் அரசமரத்தில் துணி கட்டத் தடை: சரியா, தவறா?

நாற்றங்கால்:
எங்கள் ஊர் அம்மன் கோயில் அரசமரத்தைச் சுற்றிப் போன வாரம் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். 'மரத்தில் கயிறு, துணி, தொட்டில் கட்டாதீர்கள். கம்பியில் கட்டவும்' என்று ஒரு போர்டும் வைத்திருக்கிறார்கள். பாதி ஊருக்குக் கோபம். எனக்கு நிம்மதி.

நர்சரி வைத்துப் பிழைப்பவன் என்பதால் சொல்கிறேன். அந்த மரத்தின் கீழ்க்கிளை ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். எப்போதோ கட்டிய சிவப்பு ரிப்பன் பட்டைக்குள் புதைந்து, முடிச்சின் இரண்டு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முடிச்சுக்கு நுனிப்பக்கம் கிளை வீங்கியிருக்கிறது, அடிப்பக்கம் சூம்பியிருக்கிறது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டையின் உள்பக்கமாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். கிளை வருஷா வருஷம் பருக்கும், ரிப்பன் பருக்காது. இறுகி இறுகி அந்த வழியே அடைபட்டுப் போகிறது. பெரிய காற்று அடித்தால் முறிவதும் அந்த இடத்தில்தான். தடை சரி என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாயவரத்தம்மா:
கம்பியில் கட்டுவதற்குக் கோயிலுக்கு எதற்குத் தம்பி போக வேண்டும்? எங்கள் மொட்டை மாடியிலேயே துணி காயப்போடும் கம்பி இருக்கிறது.

பிள்ளை இல்லாதவள் ஒருத்தி மரத்தடிக்கு வருகிறாள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேரிடம் பதில் சொல்லிக் களைத்திருப்பாள்? மாமியார், நாத்தனார், டாக்டர், பக்கத்து வீடு. மரம் ஒன்றுதான் 'ஏன்' என்று கேட்காது. கட்டும்போது பட்டை விரலில் உரசும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வருகிறாள். அதையும் வேலி போட்டுத் தடுத்துவிட்டு, சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள்.

ஈரோட்டுக்காரன்:
'அரச மரத்தைச் சுற்றி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்.' இந்தப் பழமொழியைச் சொன்னது எங்கள் பகுத்தறிவுக் கட்சிக்காரர்கள் இல்லை அம்மா, உங்கள் பாட்டிமார்தான். கம்பியிலும் வேண்டாம், மரத்திலும் வேண்டாம். வாசலில் தொட்டில் விற்கும் கடைக்குத்தான் இதில் பலன் கைமேல் கிடைக்கிறது. அந்தப் பெண்ணின் கணவனும் ஒரு தடவை பரிசோதனைக்குப் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாயவரத்தம்மா:
கணவனைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மீதியை இல்லை.

வைகைக்கரை:
பக்தியை விடுங்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்றை மறக்கிறீர்கள். நான்குவழிச் சாலை போட வரும்போது சாலையோரப் புளியமரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போடுவார்கள். நம்பர் விழுந்தால் மரம் போச்சு. அதே வரிசையில் ஒரு வேப்பமரத்தில் மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்திருக்கட்டும், ரம்பம் எடுப்பவன் ஒரு நிமிஷம் யோசிப்பான். காண்டிராக்டர் பேச்சுவார்த்தைக்கு வருவார். சில இடங்களில் ரோடே வளைந்து போகிறது. எல்லா மரமும் தப்பிவிடும் என்று சொல்லவில்லை. வெறும் மரத்துக்கு இந்த மரியாதைகூடக் கிடையாது என்கிறேன்.

1977-இல் இமயமலையின் கார்வால் பகுதியில், அத்வானி காட்டில், வெட்டுவதற்குக் குறி போட்ட மரங்களுக்குப் பெண்கள் ராக்கிதான் கட்டினார்கள். அது சிப்கோ இயக்கத்தின் காலம், மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த இயக்கம். ஜார்கண்டில் ஜமுனா டுடு இன்றைக்கும் காட்டு மரங்களுக்கு ராக்கி கட்ட வைக்கிறார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாய்லாந்தில் பிக்குகள் மரத்துக்குக் காவித்துணி சுற்றி, துறவிக்குத் தீட்சை கொடுப்பது போலச் சடங்கு செய்கிறார்கள். துணி சுற்றிய மரத்தை வெட்டக் கை வராது என்பதுதான் கணக்கு. நாற்றங்கால் சொல்லும் அந்தக் கிளை சூம்பியது உண்மையாகவே இருக்கட்டும். மரம் இன்றுவரை நிற்பதே அந்த முடிச்சுகளால்தானே?

நாற்றங்கால்:
வைகைக்கரை அண்ணே, நல்ல வாதம். ஆனால் காவித்துணி ஒன்று, அதையும் அடிமரத்தில் தளர்வாகச் சுற்றுகிறார்கள். ராக்கியும் ஒன்று, மெல்லிய நூல். இங்கே ஒரே கிளையில் ஆயிரம் முடிச்சு, எல்லாம் நைலானும் பாலியெஸ்டரும். மழைக்காலத்தில் துணி அடுக்குக்குள் ஈரம் காயவே காயாது. காவலுக்கு வைத்த கயிறே கழுத்தை நெரித்தால் என்ன செய்வது?

ஹாங்காங் தமிழன்:
இங்கே லாம் சுன் என்ற கிராமத்தில் வேண்டுதல் மரங்கள் உண்டு. வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி, ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்துக் கட்டி, ஆலமரக் கிளையில் மாட்டிக்கொள்ளும்படி வீசுவார்கள். எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம் என்பார்கள். 2005 சீனப் புத்தாண்டு சமயத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்து இரண்டு பேருக்குக் காயம். அதோடு மரத்தில் வீசுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் மரச்சட்டம் நட்டு அதில் கட்டச் சொன்னார்கள். கூட்டம் குறையவில்லை. கம்பி வைத்தால் பக்தி போய்விடும் என்பது வெறும் பயம்.

மாயவரத்தம்மா:
அப்புறம் அங்கே பிளாஸ்டிக்கில் ஒரு மரம் செய்து, அதன் மேல் பிளாஸ்டிக் ஆரஞ்சு வீசுகிறார்களாமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் ஊருக்கும் அதுதான் வரப்போகிறதா? பிளாஸ்டிக் அரசமரம், பின்னால் நின்று ஒரு செல்பி!

ஹாங்காங் தமிழன்:
உண்மைதான், இருக்கிறது. நானும் வீசியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

நூல்கடை:
கோயில் வாசலில் கடை வைத்திருப்பவன் நான்தான், அதாவது என்னைப் போன்றவன். ஈரோட்டுக்காரர் திட்டியது என்னை என்பதால் பேசுகிறேன். என் அப்பா காலத்தில் வெள்ளை நூலை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்துத் துண்டு துண்டாக நறுக்கி விற்போம். இரண்டு மழை பார்த்தால் இற்றுப்போகும். இப்போது ஜரிகை வைத்த ரிப்பன் ரோல் ரோலாக வருகிறது. விலையும் மலிவு, பளபளப்பும் ஜாஸ்தி. பெண்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நூலை முன்னால் வைத்தால் 'இது பழசா?' என்று தள்ளிவிடுகிறார்கள். கோயில் நிர்வாகம் பருத்தி மட்டும் என்று சொல்லட்டும், நாளைக்கே மாற்றிவிடுவேன். ஆனால் எல்லாக் கடைக்கும் சொல்ல வேண்டும். நான் மட்டும் மாறினால் பக்கத்துக் கடைக்காரன் பிழைப்பான்.

லண்டன்வாசி:
இவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மன்லாக்கி அருகே ஒரு ஊற்று. நோயாளியின் துணியை ஊற்று நீரில் நனைத்துப் பக்கத்து மரத்தில் கட்டுவார்கள். துணி இற்றுப்போகப் போக நோயும் போகும் என்பது அங்கே நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி பாலியெஸ்டர் கட்டியவனுக்கு நோய் ஆயுசுக்கும் தீராது! மரம், சாமி இரண்டையும் விடுங்கள், கட்டுகிறவருக்கே அது நஷ்டம்.

மாயவரத்தம்மா:
நம்மிடமும் முறை இருந்தது தம்பி. வேண்டியது நடந்தால் வந்து ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பொங்கல் வைப்பார்கள். கட்டியதை அவிழ்க்காமல் விட்டால் கடன் நிற்கிறது என்று அர்த்தம். இப்போது குழந்தை பிறந்ததும் போட்டோ போடுகிறார்கள், மரத்தடிக்கு வருவதில்லை. பருத்தி நூல் என்றால் எனக்குச் சம்மதம். வேலி கூடாது.

நாற்றங்கால்:
பருத்தியும் ஆயிரம் சேர்ந்தால் கனம்தான் அம்மா. வேலி இருக்கட்டும், ஒரு பக்கம் வழிவிட்டு, அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட விடலாம் என்று கேட்டுப் பார்க்கிறேன். கிளையில் கட்டுவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாயவரத்தம்மா:
தொட விட்டாலே பாதி வழக்குத் தீரும். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
ஏற்கெனவே புதைந்து கிடக்கும் ரிப்பனை என்ன செய்வீர்கள்? பிடுங்கினால் பட்டையோடு வந்துவிடாதா?

நாற்றங்கால்:
வரும். அதனால் பிடுங்கக் கூடாது. வெளியே தெரியும் இடத்தில் இரண்டு மூன்றாக வெட்டி இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் போதும், உள்ளே போனதை மரமே மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தரிக்கோலோடு போகிறோம், பூசாரி சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை: வெட்டிய துணியைக் குப்பையில் போடக் கூடாது, வேண்டுதல் துணியாம்.

மாயவரத்தம்மா:
ஆற்றிலும் போட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டுக்காரன்:
கொளுத்தினால் பாலியெஸ்டர் புகை. அப்போ எங்கேதான் போடுவது? பூசாரியிடமே கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு நானும் வருகிறேன், ஏணி என்னிடம் இருக்கிறது.