ஒரு ராக் பாட்டும் அதன் கதையும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வாவிக்கரை

டீப் பர்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், அதனால் சுருக்கமாக. 1971 டிசம்பர் 4, சுவிஸ் மொந்த்ரோ காசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவன் ஃப்ளேர் துப்பாக்கியால் (எச்சரிக்கை வெளிச்சம் விடுவது) கூரையைச் சுட, கட்டடம் முழுக்க எரிந்துபோனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்பிள்காரர்கள் வாவிமேல் பரவிய புகையைப் பார்த்தார்கள். அதுதான் பாட்டு.

நான் சில காலம் அந்த ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தேன். எங்களோடு ஒரு சுவிஸ் அம்மா இருந்தார், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், அதிகம் கதைக்காதவர். ஒருநாள் காலை ரேடியோவில் அந்தப் பாட்டின் ரிஃப், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் துணுக்கு, தொடங்கியது. எனக்குப் பிடித்த பாட்டு என்று சத்தத்தைக் கூட்டினேன். அவர் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "என் அக்காவின் கோட் உள்ளேயே எரிந்துபோச்சு" என்றார்.

அன்றைக்கு அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. அக்காவிடம் கேட்காமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், அதை வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். சின்தசைசர் தனியாக வாசித்துக்கொண்டிருந்த நேரம் கூரையில் நெருப்பு தெரிந்ததாம். நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தாராம். கச்சேரி ஏற்பாட்டாளர் க்ளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டார் இல்லையா, பாட்டில்கூட அவர் வருகிறாரே, அவரைக் கண்ணால் பார்த்தவர் இந்த அம்மா. யாரும் சாகவில்லை. ஆனால் டிசம்பர் குளிரில் கோட் இல்லாமல் கரையோரமாக வீட்டுக்கு நடந்திருக்கிறார். "புகையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "நான் திரும்பவே இல்லை. அக்காவுக்கு என்ன சொல்றது என்று யோசிச்சுக்கொண்டே போனேன்" என்றார்.

வாவிக்கரையில் அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, ரிஃப்பின் சுரங்களோடு. பாடகர் ஃபிரெடி மெர்குரியின் சிலைக்குப் பக்கத்தில்தான். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளை விறுவிறு என்று நடப்பதுதான் தெரியும்.

ஆறு கம்பி

அருமை, வாவிக்கரை. இதே பாட்டில் என் அனுபவம் சின்னது. கிடார் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாளே இதைத்தான் கேட்கும். ஒரு பையன் நான் வாசித்துக் காட்டியதும், "சார், யூடியூப்ல வேற மாதிரி இருக்கே" என்றான். யூடியூபில் பாதிப் பேர் சொல்லித்தருவது தவறு. அதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும்.

டீப் பர்பிளின் கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் இதைப் பவர் கார்டாக வாசிக்கவில்லை. பவர் கார்டு என்றால் கீழே ஷட்ஜம், மேலே பஞ்சமம். இவர் அதைத் தலைகீழாக்கிக் கீழே பஞ்சமம், மேலே ஷட்ஜம் வைக்கிறார். அதனால்தான் அந்த முறுக்கு. 'டி', 'ஜி' இரண்டு கம்பிகள் போதும், எண்கள் கழுத்தில் விரல் வைக்கும் கட்டங்கள்: திறந்த கம்பி, மூன்று, ஐந்து. மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஆறு, ஐந்து. திறந்த கம்பி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்த கம்பி. பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வேண்டாம். இரண்டு விரலால் இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் கிள்ள வேண்டும். பிக்கால் இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், பாட்டு செத்துவிடும்.

இன்னொன்று. ரிஃப்பின் கனம் கிடாரிலிருந்து மட்டும் வருவதில்லை. குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப் வழியாக விட்டு அதே ரிஃப்பை வாசிக்கிறார். கிடார் தனியாகத் தொடங்கும், ஹைஹேட்டும் (டிரம்ஸின் ஜோடித் தாளத்தட்டு) ஆர்கனும் சேரும், பிறகு முழு டிரம்ஸ், கடைசியில்தான் பேஸ். ஹெட்போனில் இந்த வரிசையைக் கவனித்துக் கேளுங்கள். காசினோ எரிந்தபின் பெவிலியன் என்ற அரங்கில் நள்ளிரவில் இதைப் பதிவு செய்தார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்து போலீஸ் வந்து கதவைத் தட்ட, பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அவசரம் பாட்டில் இருக்கிறது.

பின்பாட்டு

எனக்கு 'லைலா'. கிடார் பகுதி இல்லை, பிற்பாதியில் வரும் பியானோ.

என் தம்பிக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா. அவனை முதல்முறை சேர்த்த இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பியானோவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட அமைதியான இசை எனக்குத் தெரியாது. யார் வாசித்தது என்று போனில் தேடினேன். பாட்டைப் பதிவு செய்த டெரிக் அண்ட் த டாமினோஸ் குழுவின் டிரம்மர் ஜிம் கார்டன். அவருக்கும் இதே நோய். காதில் குரல்கள். 1983இல் பெற்ற தாயையே கொன்றுவிட்டார். கைதான பிறகுதான் நோய் சரியாகக் கண்டறியப்பட்டது. 2023இல் சிறையில் இருந்தபடியே இறந்தார்.

உள்ளே தம்பி தூங்குகிறான், காதில் அந்த ஆள் வாசிக்கிறார். நிறுத்தவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. முன்பே யாராவது அவருக்குச் சரியாக மருத்துவம் பார்த்திருந்தால் என்ற ஒரே எண்ணம்தான். தம்பி இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறான். அவனுக்கு இந்தக் கதையை நான் சொல்லவில்லை.

மாடிவீடு

பின்பாட்டு, உங்கள் தம்பி நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் 'லைலா' என்றதும் எனக்கு வேறொன்று சொல்லியாக வேண்டும்.

கல்லூரி கல்ச்சுரல்ஸில் ஒரு சீனியர் மேடையில் என் பெயரைச் சொல்லி, "இது உனக்காக" என்று அந்தப் பாட்டைத் தொடங்கினார். எனக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது, அவருக்கும் அது தெரியும். அரங்கமே விசிலடித்தது. எல்லாரும் மேடையைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தால் ஒரு அர்த்தம், எழுந்து போனால் ஒரு அர்த்தம்.

பிறகுதான் பாட்டின் கதை படித்தேன். அந்தக் குழுவின் எரிக் கிளாப்டன், நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பாட்டி பாய்டுக்காக 1970இல் எழுதியது. நிஜாமியின் லைலா மஜ்னூன் காவியத்திலிருந்து பெயர். அதை முதன்முதலில் கேட்டபோது, இது நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பயந்ததாகப் பாய்டு பின்னாளில் சொல்லியிருக்கிறார். படித்ததும் அந்த அரங்கத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி ஞாபகம் வந்தது. கிளாப்டனும் பாய்டும் 1979இல் கல்யாணம் செய்துகொண்டார்கள், பத்து வருஷத்தில் பிரிந்தும் விட்டார்கள். பாட்டை உலகமே உருகிக் கேட்கிறது. கேட்கப்பட்ட பெண்ணின் பக்கத்தை யாரும் கேட்பதில்லை.

ஆறு கம்பி

கதையை வைத்துப் பாட்டை எடை போடக் கூடாது. அந்தத் தொடக்க ரிஃப் கிடாரிஸ்ட் டுவேன் ஆல்மன் கொடுத்தது. பாட்டு வந்த மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார், வயது 24. கம்பிமேல் குழாயை வழுக்கி அவர் வாசித்த அந்த ஸ்லைடு வாசிப்பு பாய்டைப் பற்றியதா, யாரைப் பற்றியதும் இல்லையா? இசை தனி.

மாடிவீடு

நீங்கள் கிடாரைக் கேட்கிறீர்கள் மாஸ்டர். நான் எடை போடவில்லை, எனக்கு நடந்ததைச் சொன்னேன். அந்த முதல் சில நொடிகள் வந்ததும் என் கழுத்து இறுகுகிறது. அதுவும் இசை செய்கிற வேலைதான்.

பின்பாட்டு

மாடிவீடு அக்கா, நீங்கள் சொன்ன பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டில் முதல் பாதி எனக்கு எப்போதும் கூச்சல்தான். நான் பியானோ வரும் இடத்துக்கு நேராகத் தள்ளிவிடுவேன்.

மதுரை பேஸ்

பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவை யாரும் எழுதாதது ஆச்சரியம். 1975 ஜூன் 5, லண்டன் அபி ரோடு ஸ்டுடியோ. சிட் பாரெட்டை நினைத்து எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' வேலை நடக்கிறது. தலையும் புருவமும் மழித்த, உடல் பெருத்த ஒருவர் வந்து நிற்கிறார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1968இல் விலகியவர்.

போன தையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் இலையில் ஒருவர், சாம்பார் வாளி வரும்போதெல்லாம் கையால் மறித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நானும் சொந்தக்காரர் யாரோ என்று சிரித்துவைத்தேன். கை கழுவும் இடத்தில், "பேஸ் இன்னும் இருக்கா?" என்றார். எங்கள் கல்லூரி பேண்டின் லீட் கிடார்! நாங்கள் வாசித்தது எல்லாம் அவன் கற்றுக்கொடுத்தது. நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனவன், அதோடு தொடர்பு விட்டுப்போனது. குரலைக் கேட்டபின்தான் முகம் தெரிந்தது. அதற்குள் அவன் அம்மா வந்து கூட்டிப் போய்விட்டார்.

வாவிக்கரை

நம்பர் வாங்கினீங்களா?

மதுரை பேஸ்

மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்கிவிட்டேன். பேசினேன். வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். கிடாரை எடுத்துப் போகலாமா என்றுதான் யோசனை. அவனிடம் இப்போது இல்லை.

ஆறு கம்பி

கட்டாயம் எடுத்துப் போங்கள். புதுக் கம்பி மாட்டி, ஒரு நாள் முன்பே சுருதி சேர்த்து வைத்துவிடுங்கள், புதுக் கம்பி இறங்கும். ரொம்ப நாள் விட்டவருக்கு விரல் நுனி வலிக்கும், அதனால் மெல்லிய கம்பியாகப் பாருங்கள். 'ஷைன் ஆன்' தொடக்கத்தில் பிங்க் ஃபிளாய்டின் கிடாரிஸ்ட் கில்மோர் வாசிக்கும் அந்த நான்கு சுரம் போதும், அதிலிருந்துதான் அந்தப் பாட்டே பிறந்தது.

பின்பாட்டு

முதல் தடவை வேண்டாம் அண்ணே. சிட் பாரெட் கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக 2006வரை இருந்தார். வாசலில் வந்து பழைய பேண்ட் பற்றிக் கேட்டவர்களை அவருக்குப் பிடிக்கவில்லை. என் தம்பியிடமும் பழைய சிநேகிதர்கள் வந்து, "நீ எப்படிப் படிப்பே தெரியுமா" என்று தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவான். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். கிடார் வண்டியில் இருக்கட்டும், அவர் கேட்டால் எடுத்து வரலாம்.