டெரஸ் வீட்டுப் பட்டறையில் புது மிசின் சேர்ப்பது: பினாங்கு, கோலாலம்பூர் அனுபவங்கள்

(ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊர்.)

ஆயர் ஈத்தாம்

டெரஸ் வீட்டின் பின்பக்கம், 10 அடிக்கு 12 அடி இடம். கை டிரில், ஜிக்சா, 4 அங்குல கிரைண்டர் ஏற்கெனவே உள்ளன. அடுத்து 10 அங்குல டேபிள் சா, பெஞ்ச் டிரில், பிறகு ஒரு சின்ன வெல்டிங் செட் என்று திட்டம். அங்கே ஒரே ஒரு சாக்கெட்தான். எதில் தொடங்கலாம்? பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்

வயரிங்கில் தொடங்குங்கள் அண்ணே. மிசின் அப்புறம்.

நம் வீட்டுப் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். 230 வோல்ட்டுக்கு அது ஏறக்குறைய 2990 வாட். 1800 வாட் டேபிள் சாவையும் 1200 வாட் தூசி உறிஞ்சியையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் மாட்டினால் சரியாக 3000 வந்துவிடுகிறது. மரம் இறுகிப் பிளேடு திணறும்போது மோட்டார் இழுப்பது இன்னும் கூடும். ஃபியூஸ் உடனே போகாது. முதலில் பிளக் சூடாகும், பிறகு சாக்கெட்டின் உட்பக்கம் பழுப்பு நிறமாகும். பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் அந்த இணைப்பில் மேற்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து பட்டறைக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்) போதும். எம்சிபி 'சி' வகையாக இருக்கட்டும். இண்டக்‌ஷன் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாதது) கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல் 5 முதல் 8 மடங்கு வரை இழுக்கும். 'பி' வகை தன் ஆம்பியர் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும், 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும். "மிசின் கெட்டுப்போச்சு, ஆன் பண்ணினாலே டிரிப் ஆகுது" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவற்றில் சில, மோட்டாரில் எந்தக் குறையும் இல்லாதவை.

மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் ஆர்சிசிபி சுவிட்சையும் பாருங்கள். வீடு முழுவதற்கும் 100 மில்லி ஆம்பியர் ஒன்று மட்டும் இருந்தால், கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு அது காவல் ஆகாது. பட்டறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற குத்தகையாளரிடம் மட்டும் கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நீட்டிப்புக் கம்பி கட்டாயம் தேவையென்றால் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். 20 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடும்போது அதில் ஏறக்குறைய 6 வோல்ட் விழும். 0.75 கம்பியில் 12 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். உருளையில் சுற்றியது என்றால் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருளாகவே விட்டால் உள்ளே சூடு தங்கிக் கம்பித் தோல் உருகும்.

செந்தூல், கோலாலம்பூர்

ஜப்பான் ரீகண்ட் (புதுப்பித்த பழைய) மிசினும் இணையத்தில் அமெரிக்க மிசினும் மலிவாகக் கண்ணில் படும். விலையைப் பார்க்குமுன் பெயர்த்தகட்டைப் பாருங்கள்.

100 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். ஆனால் டிரான்ஸ்பார்மர் மாற்றுவது வோல்ட்டை மட்டும், ஹெர்ட்ஸை அல்ல. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1725 சுற்று சுற்றும் இண்டக்‌ஷன் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1430தான் சுற்றும். வேகம் குறைவதோடு மோட்டார் சூடும் ஏறும். கார்பன் பிரஷ் உள்ள கைக்கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாட் அளவுக்குத் தகுந்த டிரான்ஸ்பார்மர் இருந்தால் போதும்.

இன்னொன்று, கோலாலம்பூரில் மதிய இடிமழைக்கு மின்சாரம் போய் வருவது வழக்கம். சாதாரண சுவிட்ச் உள்ள டேபிள் சா, மின்சாரம் திரும்பியதும் ஆள் இல்லாமலே ஓடத் தொடங்கும். மின்சாரம் போனால் தானே அணைந்து, பொத்தானை மறுபடி அழுத்தும்வரை கிளம்பாத காந்த சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்துங்கள்.

பாயான் லெப்பாஸ்

டேபிள் சா வந்ததும் மரத்தை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிளேடின் ஒரு பல்லில் மார்க்கர் குறி வையுங்கள். மேசையில் உள்ள காடியிலிருந்து (நீளப் பள்ளம்) அந்தப் பல்லுக்கு முன்பக்கம் அளவெடுங்கள். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரவேண்டும். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் கோணலும் சேர்ந்து கணக்கு தப்பும். பிளேடு சரியான பிறகுதான் வேலித்தண்டை (மரம் உரசிச் செல்லும் சட்டம்) அதே காடிக்கு நேராக்க வேண்டும். வேலியின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் இடுக்கில் சிக்கி நெஞ்சை நோக்கி எகிறும்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளப்புக் கத்தியைக் கழற்றவே கூடாது. அதன் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாக, பல்லின் அகலத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். உடல் 1.8, பல் 2.6 என்றால் கத்தி 2.2 பொருந்தும். மெல்லிய பிளேடு மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். கத்தி பல்லைவிடக் கனமாகிப்போனால் மரம் பாதியில் முட்டி நிற்கும்.

செங்கால், பாலாவ் மாதிரிக் கெட்டி மரத்தை நீளவாட்டில் அறுக்க 24 பல் பிளேடு. 60 பல்லில் அறுத்தால் தூள் வெளியேற வழியில்லாமல் விளிம்பு கருகும். 2 அங்குலக் கனத்தை ஒரே வீச்சில் தள்ளாமல் இரண்டு தடவையாக ஆழம் ஏற்றி அறுங்கள்.

கடலோரம் என்பதால் துருவும் இங்கே பெரிய வேலை. மரத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பு மேசையில் இரவு முழுக்கத் தூளை விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் புள்ளிகள். வேலை முடிந்ததும் துடைத்து, மாதம் ஒருமுறை மெழுகுப் பசை மெல்லியதாகத் தேயுங்கள். சிலிக்கன் கலந்த கார் மெழுகு வேண்டாம், அது மரத்தில் ஒட்டி வார்னிஷைக் குழிகுழியாக விலக்கும். பிளாஸ்டிக் விரிப்பால் மூடினால் அடியில் வியர்க்கும், பருத்தித் துணி நல்லது.

பட்டர்வொர்த்

இருக்கிற கிரைண்டரைப் பற்றியும் சொல்லவேண்டும். 4 அங்குல வட்டின் துளை 16 மி.மீ., 5 அங்குலத்துக்கு 22.23. வட்டை மூடும் காப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டைப் பொருத்துவதைப் பல இடங்களில் பார்க்கலாம். 4 அங்குல வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை தாங்கும், 5 அங்குலம் 12,200 வரை, 7 அங்குலம் ஏறக்குறைய 8,500தான். சின்ன கிரைண்டர் ஓடுவதோ 11,000, 12,000. அதில் 7 அங்குல வட்டு சிதறாமல் இருந்தால்தான் அதிசயம்.

வட்டின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். வட்டின் தூளை ஒட்டிவைக்கும் பிசின் ஈரத்தில் வலு இழக்கும், ஆகவே நம் ஊரில் அந்தத் தேதி முக்கியம். பெட்டியோடு மொத்தமாக வாங்காதீர்கள்.

வெல்டிங் செட் பற்றிச் சுருக்கமாக: 13 ஆம்பியர் பிளக்கில் 2.6 மி.மீ. வெல்டிங் ராடை 80 ஆம்பியர் வரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டலாம். 3.2 ராடுக்குத் தனி லைன் வேண்டும். மரத்தூள் இருக்கும் அதே அறையில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம்

நன்றி அண்ணே. பெஞ்ச் டிரில் வேகம்? லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வைஸ் (வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்கலாமா?

ஜெலுத்தோங்

சாதா இரும்பில் எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) அலகுக்கு, நிமிடத்துக்கு: 3 மி.மீ. என்றால் 2600, 6க்கு 1300, 10க்கு 800, 13க்கு 600 சுற்று. வேகம் குறைக்கப் பெல்ட்டை மாற்றச் சோம்பி 13 மி.மீ. அலகை 1300இல் ஓட்டினால் முனை நீலம் பாய்ந்து மழுங்கும். அலகைப் பிடிக்கும் சக் பொருந்தும் கூம்பில் எண்ணெய் தடவாதீர்கள், துடைத்து உலர்வாக ஏற்றுங்கள். எண்ணெய் இருந்தால் வேலை நடுவே சக் கழன்று விழும். சின்னத் துண்டானாலும் கிளாம்பு போடுங்கள், கையுறை போடாதீர்கள்.

வைஸ் தாராளமாக வாங்கலாம். வாய்க்குள் ஒரு காகிதத்தை வைத்து மூடி இருபுறமும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் நழுவினால் தாடை கோணல். திருகைப் பாதி திறந்து கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கால் சுற்றுக்கு மேல் சும்மா போனால் மரை தேய்ந்திருக்கிறது. புதுப் பெயிண்ட் அடித்ததைச் சுரண்டிப் பாருங்கள், வார்ப்பிரும்பில் வெல்டிங் தடம் இருந்தால் விட்டுவிடுங்கள். பொருத்தும்போது பின்தாடை மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நிற்கட்டும், நீளக் கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க அது வேண்டும்.