செம்பருத்தி மொட்டு உதிர்வும் இலை வெளுப்பும்: மதுரை மண்ணுக்கும் தண்ணிக்கும் ஏற்ற அனுபவப் பகிர்வு

(மதுரைப் பக்கத்துச் செடி வளர்ப்பவர்களின் பேச்சு இது. பேசுகிறவர் பெயருக்குப் பதில் அவரவர் பகுதியின் பெயர் இருக்கிறது.)

ஒத்தக்கடை:
மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் உடனே உரக்கடைக்குப் போக வேண்டாம். உதிர்ந்த மொட்டைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிகிறதா பாருங்கள். தாளில் கொஞ்ச நேரம் விட்டால் உடம்பை வளைத்து எம்பிக் குதிக்கும். குதித்தால் அது மொட்டு ஈயின் புழு. மல்லிகை மொட்டைக் கெடுக்கிற அதே ஈதான் செம்பருத்திக்கும் வருகிறது. மல்லித் தோட்டம் சூழ்ந்த நம்ம பக்கத்தில் இதை ஒழித்துவிட முடியாது, குறைக்கத்தான் முடியும். அடுக்குச் செம்பருத்தியில் தொல்லை அதிகம்.

புழு மொட்டுக்குள்ளே இருப்பதால் மேலே தெளிக்கிற வேப்பெண்ணெய் அதைத் தொடாது. மொட்டு விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பி வரும். மூன்று நாலு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால் மருந்தைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றும்போதே விழுந்த மொட்டையும், செடியிலேயே மஞ்சளடித்த மொட்டையும் பொறுக்கி, பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறி, தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்துவிடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். நடுவில் ஒரு வாரம் விட்டாலும் அந்த வார மொட்டிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும்.

செல்லூர் மாடி:
அண்ணே, பிளந்து பார்த்தா புழுவே இல்லை, ஆனா உதிருதுன்னு நிறைய பேர் சொல்றாங்களே?

ஒத்தக்கடை:
அப்படியானால் இலையைப் பாருங்க தம்பி. இலை பெரிசாக, கரும்பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது. யூரியா, கடலைப் புண்ணாக்குக் கரைசல் இரண்டையும் நிறுத்துங்கள். இலை நன்றாக இருந்து சித்திரை, வைகாசியில் மட்டும் உதிர்ந்தால் வேர் வெந்துபோகிறது என்று அர்த்தம். மொட்டை மாடித் தளத்தில் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேற்கு வெயில் தொட்டியின் பக்கவாட்டில் அடிக்காமல் ஒரு சாக்கைச் சுற்றுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் அடித்துளையில் வழிகிற வரை தண்ணீர் விடணும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் மொட்டு நிற்காது.

திருமங்கலம்:
எங்கள் பக்கம் கரிசல், சுண்ணாம்பு கலந்த மண். இங்கே மொட்டைவிடப் பெரிய சிக்கல் இலை வெளுப்புதான். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. அடி இலை மட்டும் மஞ்சளானால் காரணம் வேறு, பெரும்பாலும் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து போடுவதால்தான் செடி தேறுவதில்லை.

இரும்புக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம். முதலில் சிட்ரிக்கைக் கரைத்து, பிறகு அன்னபேதியைப் போடணும். போர் தண்ணீரில் கலந்தால் சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும். அது துருதான், இலைக்குப் பயன் இல்லை. மழைத்தண்ணீர் இல்லையென்றால் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரில் கலந்து உடனே தெளியுங்கள். கடையில் வாங்கும்போது உப்பு வெளிர்பச்சைக் கற்களாக இருக்கணும். தவிட்டு நிறமாகியிருந்தால் வாங்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். தளத்தில் சொட்டினால் கறை போகாது, கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

செல்லூர் மாடி:
ஆர்ஓ கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடலாமா? எலும்புத்தூள் போட்டா பூ கூடும்னு சொல்றாங்க, அது?

திருமங்கலம்:
இரண்டும் வேண்டாம். கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் செறிந்துதான் வரும். மண்மேல் வெள்ளைப் பொருக்கும், இலை ஓரக் கருகலும் அதனால் வருவதே. பொருக்கு இருந்தால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடியில் வழியவிட்டுக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்தாலே பாதி உப்பு போய்விடும். எலும்புத்தூள் நம்ம மண்ணில் கரைவதே அபூர்வம், மேலும் சுண்ணாம்பைத்தான் சேர்க்கும். செம்பருத்தி மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் கேட்கிற செடி இல்லை. சாம்பல்சத்துதான் (பொட்டாசியம்) கேட்கும். 14 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போதும். ஈர மண்ணில்தான் போடணும்.

அழகர்கோவில் ரோடு:
குச்சி நட்டுப் புதுச்செடி எடுப்பது பற்றி ஒன்று. ஆடி முதல் ஐப்பசி வரை நல்ல காலம், அக்னி நட்சத்திரத்தில் முயற்சியே வேண்டாம். பென்சில் தடிமனில், பழுப்பும் பச்சையும் கலந்த பாதி முற்றிய குச்சி, ஆறு அங்குலம். கணுவுக்குக் கீழே சாய்வெட்டு. நுனியில் இரண்டு இலை மட்டும், அதையும் பாதியாக நறுக்கிவிடணும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடணும். ஆற்று மணலும் கழுவிய தென்னைநார்க் கழிவும் சரிபாதி. வேர் பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம். துளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் நிறைய. குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர் வரும், வேர் அப்புறம்தான்.

பெரிய பூ விடும் ஹைபிரிட் ரகங்களில் பல, நாட்டுச் சிவப்பில் ஒட்டுக் கட்டியவை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை அன்றன்றே ஒடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மேலே இருப்பதை அமுக்கிவிடும்.

கவாத்துக்குத் தை கடைசி சரியான நேரம். புதுக் கிளை நுனியில்தான் பூக்கும், அதனால் மூன்றில் ஒரு பங்கு வெட்டப் பயப்பட வேண்டாம். பூ திரும்ப வர இரண்டு இரண்டரை மாதம் ஆகும்.

திருநகர்:
மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்குமுன் எறும்பு எந்த வழியாக ஏறுகிறது என்று பாருங்கள். எறும்பு இருக்கிற வரை, மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டு அதை நெருங்க முடியாது. செடி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கிளையை வெட்டுங்கள். பக்கத்து காலி மனையில் துத்தி, பார்த்தீனியம் மண்டிக் கிடந்தால் பூச்சி அங்கிருந்துதான் வரும். துத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாமே செம்பருத்திக் குடும்பம், ஒன்றில் வந்தது மற்றதற்கும் வரும்.

முதலில் ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மறுநாள் மாலை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, பால்போல் கலந்த பிறகு தெளியுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் இலை கருகும். ஒருமுறையோடு நிறுத்தாமல் வாரம் ஒன்றாக மூன்று முறை. நுனி சுருண்டு பஞ்சு அடைந்திருந்தால் அந்த நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள், அதற்குள் மருந்து போகாது.