புதுப்பிப்பு: சொங்காக் விதித்தாளில் உத்தி சேர்த்தாயிற்று

வீட்டுச் சொங்காக்கிற்கு (பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டம்) நான் எழுதிய விதித்தாளில் ஆடும் உத்தியையும் சேர்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

விதியோடு கலக்காமல் பின்பக்கம் தனியாகப் போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. கலந்து எழுதியபோது பிள்ளைகள் உத்தியையே விதி என்று நினைத்துச் சண்டை போட்டார்கள்.

இப்போது பின்பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். உங்கள் காய் சேரும் பெரிய குழியிலிருந்து எண்ணி, 3ஆம் குழியில் 3 காய், 7ஆம் குழியில் 7 காய் என்று இருந்தால் கடைசிக் காய் சரியாகப் பெரிய குழியில் விழும், மறுபடி ஆடலாம். தொடக்கத்தில் எல்லாச் சிறு குழியிலும் 7 காய் என்பதால் 7ஆவதான கடைக்கோடிக் குழியை முதலில் எடுப்பது லாபம்.

எதிர்பாராதது: பட்டர்வொர்த்திலிருந்து வந்த பாட்டிக்குக் கோபம். இத்தனை வருடம் பொத்திவைத்த ரகசியமாம். அப்புறம் பேத்தியிடம் இரண்டு ஆட்டம் தோற்றார்.