சில்டெனாஃபில் போட்டால் எல்லாம் நீலமாகத் தெரிகிறது, கண்ணுக்கு ஆபத்தா?

தாம்வே டாக்சி:
வணக்கம். ரங்கூனில் ராத்திரி டாக்சி ஓட்டுகிறேன். வயது 52, சர்க்கரை உண்டு. விறைப்புப் பிரச்சினைக்கு மருந்துக்கடையில் சில்டெனாஃபில் 100 மில்லிகிராம் கேட்டேன், சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். மருந்து வேலை செய்கிறது, ஆனால் போட்டு ஒரு மணி நேரத்தில் வெள்ளைச் சுவரே நீலமாகத் தெரிகிறது, எதிர் வண்டி விளக்கு கண்ணைக் குத்துகிறது, விடிவதற்குள் சரியாகிவிடுகிறது. இதனால் கண் கெட்டுப்போகுமா?

மோல்மீன் பார்மசி:
அண்ணே, பயப்படாதீர்கள், இந்த மருந்துக்கு இது தெரிந்த பக்கவிளைவுதான். இது தடுக்க வேண்டிய நொதி பிடிஇ5. அதே குடும்பத்து பிடிஇ6 விழித்திரையில் ஒளியை உணரும் செல்களில் இருக்கிறது, அதையும் மருந்து கொஞ்சம் தொட்டுவிடுவதால்தான் நிறம் மாறுகிறது, வெளிச்சம் கூசுகிறது. அளவு கூடினால் தொல்லையும் கூடும். ஆய்வுகளில் 50 மில்லிகிராம் போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கும், 100 போட்டவர்களில் 11 பேருக்கும் பார்வைக் கோளாறு வந்தது. வழக்கமாக ஆரம்பிப்பதே 50-இல்தான், உங்களுக்கு எடுத்தவுடன் 100 கொடுத்தது சரியே இல்லை. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி மருந்து சேர்ந்தால் இரத்தத்தில் இதன் அளவு இன்னும் ஏறும். பார்வை தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறீர்களா? எடுத்தால் இதைத் தொடவே கூடாது, பிரஷர் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும்.

பசுண்டாங் அக்கா:
தம்பி, என் வீட்டுக்காரருக்கும் இதே நீலம் வந்தது. டாக்டர் இதே வகை மருந்தான டடாலஃபிலுக்கு மாற்றினார், அப்புறம் வரவில்லை. அது பிடிஇ6-ஐ அநேகமாகத் தொடுவதில்லையாம். ஆனால் உடம்பில் 36 மணி நேரம் வரைகூட வேலை செய்யும், கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள். வீட்டில் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள், ராத்திரியில் ஏதாவது ஆனால் அவருக்குத்தானே தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நீலம் வேறு, இது வேறு: தூங்கி எழும்போது ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனாலோ, பாதி இருட்டாகத் தெரிந்தாலோ பார்வை நரம்புக்கு இரத்தம் குறைந்திருக்கலாம். வலிகூட இருக்காது, அதனால்தான் ஆட்கள் காத்திருந்து ஏமாந்துபோகிறார்கள். மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, என்றாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கவைத்தது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து எப்படியும் கூடுதல். அப்படி நேர்ந்தால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே ரங்கூன் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தாம்வே டாக்சி:
நெஞ்சுக்கு மாத்திரை எதுவும் இல்லை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான். டாக்டரைப் பார்க்கிறேன். அட்டையைக் கையில் கொண்டு போகவா?

மோல்மீன் பார்மசி:
கட்டாயம் கொண்டு போங்கள் அண்ணே. சீட்டில்லாமல் வாங்கியது போலியாகக்கூட இருக்கலாம், போலி மாத்திரையில் எழுதியிருக்கும் அளவை நம்ப முடியாது. போகும்போது சர்க்கரைக்காக விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பரிசோதனை உங்களுக்கு வருஷா வருஷம் வேண்டியது.