டி.டி. 214-ல் விழுந்த அந்தச் சொல்: அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜை உயர்த்தக் கேட்பது பற்றி, தெரிந்தவர்கள் எழுதுங்கள்

அமெரிக்கப் படையிலிருந்து விலகும்போது கையில் கொடுக்கும் சான்றுத்தாள்தான் டி.டி. 214. விலகல், அதாவது டிஸ்சார்ஜ், எப்படிப்பட்டது என்பதற்கு அதில் ஒரு சொல் இருக்கும். அவற்றில் மேலானது 'ஹானரபிள்'. முதலில் ஒரு பொய்யை ஒழித்துவிடலாம். "ஆறு மாசம் போனா டிஸ்சார்ஜ் தானாவே ஹானரபிள் ஆயிடும்" என்று சொல்லித்தான் பல பையன்களைப் படையிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். அப்படி ஒரு விதி எந்தப் படையிலும் கிடையாது. நீங்கள் விண்ணப்பித்து, ஒரு வாரியம் அதைப் படித்து, வாக்களித்தால்தான் மாறும். இந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிட்டு, பதினைந்து வருடக் கெடு முடியும் நேரத்தில் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கையில் இருக்கும் டி.டி. 214-ஐ எடுங்கள். 24-ஆம் கட்டத்தில் டிஸ்சார்ஜின் தன்மை இருக்கும். 25-ல் எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள் என்பது, 26-ல் மூன்றெழுத்துப் பிரிவுக் குறியீடு, 27-ல் மறுபடி சேரலாமா என்பதற்கான ஆர்.இ. குறியீடு, 28-ல் காரணம். இவை எதுவுமே தாளில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது மெம்பர்-1 என்ற சுருக்கப் பிரதி. மெம்பர்-4 என்ற முழுப் பிரதிதான் வேண்டும்.

ஹானரபிளுக்கு அடுத்தது ஜெனரல். அதற்குக் கீழே அதர் தேன் ஹானரபிள், எல்லோரும் ஓ.டி.எச். என்பது. இவை நிர்வாக முறையில் தரப்படுபவை. பேட் கான்டக்ட், டிஸ்ஹானரபிள் இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும். பயிற்சிக் காலத்திலேயே வெளியேறியவர்களுக்கு 'அன்கேரக்டரைஸ்டு' என்று போடுவார்கள். அது கெட்ட பெயர் இல்லை. அதனாலேயே அதை ஹானரபிளாக மாற்றுவதும் கடினம்.

எந்த வாரியத்துக்குப் போவது? டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடத்துக்குள் என்றால் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம், சுருக்கமாக டி.ஆர்.பி. படிவம் டி.டி. 293. 1944-ல் படைவீரர் நலனுக்கான ஜி.ஐ. பில் சட்டத்தோடு பிறந்த அமைப்பு இது. 15 வருடம் தாண்டிவிட்டால், அல்லது ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற உயர்நிலை ராணுவ நீதிமன்றம் கொடுத்த டிஸ்சார்ஜ் என்றால், ராணுவப் பதிவேட்டுத் திருத்த வாரியம், படிவம் டி.டி. 149. திருத்த வாரியத்துக்குப் பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. ஆனால் நீதியின் பொருட்டு அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்று படிவத்திலேயே எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஆவணங்களை வரவழையுங்கள். நினைவிலிருந்து எழுதி அனுப்பும் விண்ணப்பம், கோப்பில் உள்ள தேதியோடு மோதும்போது அங்கேயே நம்பகத்தன்மை போய்விடும்.

எஸ்.எஃப். 180 படிவத்தை செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு அனுப்பலாம், இணையத்திலும் கேட்கலாம். "என் கோப்பு வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் டி.டி. 214 மட்டும் வந்து சேரும். முழுப் பணிக்கோப்பு, டிஸ்சார்ஜ் நடவடிக்கைக் கட்டு முழுவதும், மருத்துவப் பதிவு, மனநலச் சிகிச்சைப் பதிவு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 1990-களுக்குப் பிறகு விலகியவர்களின் மருத்துவப் பதிவு பெரும்பாலும் வி.ஏ. என்னும் முன்னாள் படைவீரர் துறையிடம் போயிருக்கும், அங்கும் கேட்க வேண்டும். மாநிலப் படையான நேஷனல் கார்டில் இருந்தவர்களுக்கு என்.ஜி.பி. 22 என்ற தாளும் உண்டு.

வயதானவர்களுக்காகக் கேட்கிறவர்கள் கவனிக்க: 1973 ஜூலை 12-ல் அந்த மையத்தில் பிடித்த தீயில், 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினர் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தது. "பதிவு இல்லை" என்று பதில் வந்தால் அது அவர் மேல் தப்பு இல்லை. தீயைக் குறிப்பிட்டு, வீட்டில் இருக்கும் கடிதம், படம், பதக்கச் சான்று எல்லாவற்றையும் மாற்றுச் சாட்சியமாக வையுங்கள்.

மூலப் பத்திரத்தை ஒருபோதும் அனுப்பாதீர்கள். நகல் போதும்.

*

ஆட்கள் தோற்கிற இடத்துக்கு வருகிறேன். வாரியம் இன்னொரு முறை வழக்கு விசாரிப்பதில்லை. டிஸ்சார்ஜ் முறையாகத்தான் நடந்தது என்ற அனுமானத்தோடுதான் கோப்பைத் திறக்கும். டி.ஆர்.பி. பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, சட்டமும் விதியும் மீறப்பட்டதா. இரண்டு, விதிப்படியே நடந்திருந்தாலும் இந்த மனிதனுக்கு இது நியாயமா. "நல்லவன்தான் சார், ஒரு தடவை தப்பு பண்ணிட்டான்" என்ற கடிதம் இரண்டில் எதையும் தொடாமல் போய்விடுகிறது.

போர் மன அதிர்ச்சி, தலைக்காயம், பணியில் நடந்த பாலியல் வன்முறை, வேறு மனநோய் எதுவாக இருந்தாலும் 2017 ஆகஸ்ட் 25-ல் வந்த கர்ட்டா மெமோவைப் படியுங்கள், வாரியங்களுக்குப் பாதுகாப்புத் துறை கொடுத்த வழிகாட்டுக் குறிப்பு அது. 2014-ல் பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் போர் மன அதிர்ச்சிக்குத் திறந்த கதவை அது அகலமாக்கியது. நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறது. டிஸ்சார்ஜை மன்னிக்கவோ தணிக்கவோ கூடிய ஒரு நிலை அல்லது அனுபவம் இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்தத் தவறைத் தணிக்கிறதா? டிஸ்சார்ஜை விட அதற்கு எடை அதிகமா?

முதல் இரண்டுக்கும் சான்று திரட்டிவிட்டு மூன்றாவதில் கோட்டை விடுகிறார்கள். 'போர் மன அதிர்ச்சி, 70 சதவீதம்' என்று வி.ஏ. கொடுத்த ஊன மதிப்பீட்டுத் தாளை இணைத்தால் முதல் இரண்டு கேள்விக்கு அது வலுவான சாட்சி. ஆனால் அந்த அதிர்ச்சிக்கும் சிறுநீர்ச் சோதனையில் வந்த கஞ்சாவுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது எழுதியாக வேண்டும். மனநல மருத்துவர் கடிதம் தருகிறார் என்றால் இந்த நான்கு கேள்வியையும் அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தியாகப் பதில் கேளுங்கள். பணிக்கோப்பைப் படித்துவிட்டு எழுதினேன் என்று அவர் குறிப்பிட வேண்டும். அது இல்லாத கடிதம் பலவீனம்.

தேதிவரிசை ஒன்று போடுங்கள், ஒரே பக்கத்தில். முதல் இரண்டு வருடம் தண்டனை எதுவும் இல்லை, இன்ன தேதியில் போர்முனை, இன்ன தேதியில் குண்டுவெடிப்பு, திரும்பிய நாலாவது மாதம் தூக்கமில்லை என்று மருத்துவரைப் பார்த்தது, ஆறாவது மாதம் முதல் தவறு. இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் தொடர்பு தானே பேசும். தவறு எல்லாமே போர்முனைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது என்றால் இந்த வாதம் உதவாது. நியாய வாதத்துக்குப் போங்கள்.

திட்டமிட்டுச் செய்ததற்கும் இது பொதுவாகப் பொருந்தாது. வேலைக்குப் போகாமல் இருந்தது, குடி, கஞ்சா, அதிகாரியிடம் கத்தியது, இவற்றுக்கு மனநிலைக் காரணம் ஒட்டும். பல மாதம் கணக்கை மாற்றிப் பணம் எடுத்ததற்கு ஒட்டாது. பாலியல் வன்முறையில் அப்போது புகார் கொடுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திடீரென்று வேலைத்தரம் விழுந்தது, இடமாற்றம் கேட்டது, கர்ப்பப் பரிசோதனை, கூட இருந்தவரின் கடிதம் எல்லாமே சான்றுதான்.

*

விதிமீறல் வாதம் வைக்கிறவர்கள் பொதுவாகப் பேசாமல், டிஸ்சார்ஜ் கட்டில் எந்தத் தாள் இல்லை என்று சுட்டுங்கள். வக்கீலைப் பார்க்கும் உரிமை பற்றிய அறிவிப்பில் கையெழுத்து இருக்கிறதா? ஆறு வருடமோ அதற்கு மேலோ பணி செய்தவருக்கு நிர்வாக வாரிய விசாரணை கேட்கும் உரிமை சொல்லப்பட்டதா? இந்த மாதிரி.

தரைப்படையில் 'சாப்டர் 10' என்று கோர்ட் மார்ஷலுக்குப் பதில் விலகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த விண்ணப்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இப்போது "நான் செய்யவே இல்லை" என்று எழுதினால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

*

நியாயம், மன்னிப்பு இரண்டுக்கும் 2018 ஜூலை 25-ல் வந்த வில்கி மெமோ. பொறுப்பேற்றல், கடந்துபோன காலம், பிறகான வேலை, சமூகப் பணி, நன்னடத்தை எல்லாவற்றையும் எடை போடச் சொல்கிறது. ஆதரவுக் கடிதம் நாலைந்து போதும். இருபது கடிதம் ஒரே அச்சில் வந்தால் யாரும் படிப்பதில்லை. எழுதுகிறவருக்கு டிஸ்சார்ஜ் விஷயம் தெரியும் என்பது கடிதத்தில் வர வேண்டும். தெரியாமல் புகழ்ந்த கடிதத்துக்கு மதிப்பில்லை.

தன்பாலின ஈர்ப்பு காரணமாக மட்டுமே அனுப்பப்பட்டவர்களுக்கு வழி ஓரளவு நேரானது. அந்தத் தடை 2011 செப்டம்பர் 20-ல் நீங்கிய அன்றே வந்த ஸ்டான்லி மெமோ, வேறு குற்றம் கோப்பில் இல்லையென்றால் சாதாரணமாக மாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. பெரும்பாலோருக்கு டி.ஆர்.பி. கெடு போயிருக்கும், திருத்த வாரியத்தைப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: தன்மையை மட்டும் கேட்காதீர்கள். தன்மை, காரணம், பிரிவுக் குறியீடு, ஆர்.இ. குறியீடு நான்கையும் எழுதிக் கேளுங்கள். 24-ல் ஹானரபிள் வந்தும் 28-ல் 'தவறான நடத்தை, போதை' என்று நிற்கும் தாளை வேலை கேட்டுப் போகும் இடத்தில் எப்படி நீட்டுவது? குற்றம் எதையும் சொல்லாத 'செக்ரட்டேரியல் அத்தாரிட்டி' என்று மாற்றக் கேட்பதுதான் வழக்கம்.

*

விசாரணை பற்றி. டி.ஆர்.பி.-யில் குறைந்தது மூன்று பேர், பெரும்பான்மை முடிவு. ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கேட்கலாம், அல்லது நேர் விசாரணை கேட்கலாம், வீடியோவிலும் நடக்கும். முதலில் ஆவண ஆய்வு கேட்டுத் தோற்றால் நேர் விசாரணை கேட்கும் உரிமை மிச்சம் இருக்கும். முதலிலேயே விசாரணை கேட்டால் திரும்ப ஆவண ஆய்வு கிடையாது. ஆனால் இரண்டு விண்ணப்பமும் 15 வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பதினான்காவது வருடத்தில் இருக்கிறீர்கள் என்றால் நேராக விசாரணையே கேளுங்கள், முதல் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

குறித்த நாளில் முன்கூட்டிச் சொல்லாமல் வராமல் போனால் விசாரணை உரிமையே போய்விடும். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள்.

திருத்த வாரியத்திலும் குறைந்தது மூன்று பேர், ஆனால் விசாரணை மிக அரிது. அங்கே மருத்துவ ஆலோசகரின் கருத்து உங்களுக்கு எதிராக வந்தால் பதில் சொல்ல வழக்கமாக 30 நாள் தருவார்கள். அந்தக் கடிதத்தை அறிவிப்பு என்று நினைத்து மேசையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் எழுதாமல் விட்டால் ஆலோசகர் சொன்னதே கடைசிச் சொல்லாக நிற்கும்.

*

வாரியத்தின் பதிலுக்கான இந்தக் காத்திருப்பில் வி.ஏ. கதவைத் தட்டாமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். "ஓ.டி.எச். என்றால் வி.ஏ. எதுவும் தராது" என்று வரவேற்பு மேசையிலேயே திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. அது தவறு. வி.ஏ. தனக்கென்று தனியாகத் தன்மையைத் தீர்மானிக்கும். விண்ணப்பம் போட்டால்தான் அந்தத் தீர்மானமே தொடங்கும், அதனால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். 2024 ஜூன் 25 முதல் அந்த விதியும் தளர்ந்திருக்கிறது. 100 நாளுக்கு மேல் பணி செய்து, போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்கும் பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் ஓ.டி.எச். இருந்தாலும் மனநலச் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சைக் குறிப்பே பிறகு வாரியத்தில் சாட்சியாகும்.

இரண்டு முறை ஒப்பந்தம் போட்டவர்கள் 18-ஆம் கட்டத்தைப் பாருங்கள். முதல் காலம் ஹானரபிள் என்று அங்கே ஒரு வரி இருந்தால், அந்தக் காலத்துக்கான உரிமைகளை இரண்டாவது காலத்தின் டிஸ்சார்ஜ் பறிப்பதில்லை. ஜெனரல் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலான வி.ஏ. உதவிகள் கிடைக்கும், ஜி.ஐ. பில் படிப்பு உதவி மட்டும் கிடையாது.

வி.ஏ. சாதகமாகத் தீர்மானித்தாலும் டி.டி. 214 மாறாது. இரண்டும் தனித்தனிப் பாதை.

*

நம் ஆட்களுக்கு முக்கியமானது குடியுரிமை. மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால் விசாவில் இருந்த நம் பிள்ளைகள் சிலரும் அதன்வழி சேர்ந்தார்கள். படைப்பணி மூலம் குடியுரிமை பெற ஹானரபிள் அல்லது ஜெனரல் வேண்டும். அப்படிப் பெற்ற பிறகு, மொத்தம் ஐந்து வருட நற்பணி முடிவதற்குள் ஓ.டி.எச். வாங்கினால் குடியுரிமையை ரத்து செய்யவே சட்டம் இடம் தருகிறது. 2003 நவம்பர் 24 முதல் குடியுரிமை பெற்றவர்களுக்கு இது பொருந்தும். எனவே ஓ.டி.எச்.-ஐ ஜெனரலாக மாற்றினாலே இவர்களுக்குப் பெரிய வித்தியாசம். குடிவரவு வக்கீலையும் டிஸ்சார்ஜ் வக்கீலையும் ஒரே நேரத்தில் பாருங்கள், ஒருவரிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இன்னொரு கோப்பிலும் போய் உட்காரும்.

*

மறுப்பு வந்தால் முடிவுரையை வரிவரியாகப் படியுங்கள். எந்தச் சான்று போதவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். திருத்த வாரியத்தில் முன்பு காட்டாத புதிய சான்று இருந்தால் எத்தனை வருடம் கழித்தும் மறுபரிசீலனை கேட்கலாம். 2019 டிசம்பர் 20 அன்றோ அதன் பிறகோ விலகியவர்கள், இரண்டு வாரியமும் மறுத்தால், 365 நாளுக்குள் டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், அங்கே புதிய சான்று ஏற்க மாட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக ஆறு வருடம் கெடு.

வாரியங்களின் பழைய முடிவுகள், பெயர் நீக்கி, இணையத்தில் உள்ளன. உங்கள் பிரிவுக் குறியீட்டையும் நோயின் பெயரையும் போட்டுத் தேடி, வென்ற வழக்குகளை எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறவர்கள் அருகிலுள்ள சட்டக் கல்லூரியின் படைவீரர் உதவி மையத்தைக் கேளுங்கள். பல இடங்களில் இலவசம்தான், ஆனால் வரிசை நீளம்.

உயர்த்தி உத்தரவு வந்ததும் புதிய டி.டி. 214 தபாலில் வரும். உத்தரவை ஒரு கையிலும் தாளை ஒரு கையிலும் வைத்து 24 முதல் 28 வரை சரிபாருங்கள். தட்டச்சில் பழைய குறியீடு அப்படியே தங்கிவிடுவது நடக்கிறது. தவறு இருந்தால் அன்றே எழுதுங்கள், சரியான தாள் வந்த பிறகு வி.ஏ.-வுக்குப் புதிதாக விண்ணப்பம் போடுங்கள்.