பாட்டையா கட்டிய வீடு: இரண்டாம் கட்டுக்கு ஓடா, கான்கிரீட்டா?

பங்கு வீட்டுக்காரன்:

காரைக்குடிக்குப் பக்கத்துச் செட்டிநாட்டுக் கிராமத்தில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு. நூறு வயதைத் தாண்டிவிட்டது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள். இன்றைக்கு ஒன்பது பங்கு. வருடத்தில் முன்னோர் படைப்புக்கு ஒரு நாள், கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் நாலு நாள், அவ்வளவுதான் விளக்கு எரியும். மற்ற நாட்களில் ஒரு காவல்காரரும் அவர் மனைவியும்தான்.

போன ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டின் மேற்குப் பத்தி, அதாவது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம், உட்கார்ந்துவிட்டது. ஓடு, கைமரம் எல்லாம் முற்றத்தில் கிடக்கின்றன. இரண்டு பேரை அழைத்துக் காட்டினோம். ஒருவர், அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர், பழைய இயல்பு மாறாமல் மரம் ஏற்றி நாட்டு ஓடு வேயலாம், செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் முன்பு முகப்பை ஒட்டிய இரண்டு அறைகளில் பழைய பூச்சு உதிர்கிறது என்று சிமெண்ட் பூசினோம். இப்போது அந்த இரண்டு அறைகள்தான் வீட்டிலேயே மோசம். ஆவணியில் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது முடிவு சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர்:

கான்கிரீட் போடுங்கள். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு யோசியுங்கள். ஆள் குடியில்லாத வீட்டுக்கு நாட்டு ஓடு பொருந்தாது. குரங்கு ஓடினால் நகரும், பூனை ஓடினால் நகரும். நகர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், மரம் உளுக்கும், கரையான் ஏறும். அந்தக் காலத்தில் வருடா வருடம் மழைக்கு முன்னால் ஆள் ஏறி ஓடு மாற்றினார்கள். ஒன்பது பங்காளிகளில் யார் வருடா வருடம் வந்து நின்று அதைச் செய்யப் போகிறீர்கள்? கையால் ஓடு செய்கிற குயவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கொத்தனார் மகன்:

அண்ணன், கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். என் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள். நான் பத்து வருடமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறேன்.

முதலில் அந்த இரண்டு அறைகள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய தடித்த சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைப் பூச்சு வழியாக வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் தானாகக் காய்ந்து போகும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கும். ஒரு நாள் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும், கூடவே செங்கல் மாவும் கொட்டும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று பார்க்காமலே சொல்வேன்.

ஒன்றை மட்டும் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு அடித்தளம் உயரம். தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணைக்கே போக வேண்டும். அப்படியிருந்தும் முகப்பு அறையில் இவ்வளவு ஈரம் ஏன்? வீட்டு முன்னால் ரோட்டை மேலே மேலே போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். முன்பு ஐந்து படி இருந்த இடத்தில் இப்போது எத்தனை படி தெரிகிறது என்று எண்ணுங்கள். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் பழைய கல் சாக்கடை எங்கே போய் முட்டுகிறது என்றும் பாருங்கள். கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு, அங்கிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊரணிக்கு என்று வாட்டம் பார்த்துக் கட்டிய ஊர்கள் அவை. அந்த வழியில் ஓர் இடம் அடைத்தாலும் சுவர்தான் குடிக்கும்.

கூரைக்கு வருகிறேன். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. அதை எந்தச் சுவர்மேல் உட்கார வைக்கப் போகிறோம்? ஒரு மழைக்காலம் முழுக்க மேலே திறந்து கிடந்து, காரை கரைந்து நிற்கிற சுவர்மேல். வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சுவர் தலைப்பு, அதாவது சுவரின் மேல்விளிம்பு, அந்த இழுப்புக்குப் பழகியது இல்லை. இரண்டாவது கோடையிலேயே தளத்துக்குக் கீழே படுக்கைக் கோடாக விரிசல் வரும். நான் பார்த்த வீடுகளில் வந்திருக்கிறது.

சைட் இன்ஜினியர்:

ஈரம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறைகளில் சிமெண்ட் பூசியது தவறு. ஆனால் ‘பழைய இயல்பு’ என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பழமைவாதிகள் இல்லை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து சுவரில் பதிக்கும் பூ ஓடு என்று தங்கள் காலத்தில் கிடைத்த புதிய பொருள் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லோரும் கொண்டாடும் ஆத்தங்குடித் தரைக்கல் எதனால் செய்தது? கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையே கிடையாது. 1930-களில் கட்டிய வீடுகள் பலவற்றில் கான்கிரீட்டே இருக்கிறது. அந்தப் பாட்டையா இன்றைக்கு இருந்தால் தயங்காமல் தளம் போட்டிருப்பார்.

கொத்தனார் மகன்:

அது நல்ல கேள்வி. பாட்டையா புதிய பொருளை விரும்பினார், உண்மைதான். ஆனால் எதை எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்தார். சிமெண்ட் கல்லைத் தரையில் பதித்தார், சுவருக்குச் சுண்ணாம்பு அரைக்கச் சொன்னார். கல் சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். உங்கள் வளவின், அதாவது உள்முற்றக் கட்டின், சுவரில் இன்றைக்கும் கை வைத்துப் பாருங்கள், நடுச் சித்திரையிலும் குளிரும். சிமெண்டைப் பிடிக்காமல் நான் பேசவில்லை. அந்தச் சுவர் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

தேவகோட்டைத் தம்பி:

நான் வேறு மாதிரி சொல்லப் போகிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டை 2009-ல் பிரித்து விற்றோம். பதினான்கு பங்கு. நாலு பேர் பழுது பார்க்கலாம் என்றோம், ஆறு பேர் பணம் தர மாட்டோம் என்றார்கள், மற்ற நாலு பேர் தந்தி அடித்தாலும் பதில் சொல்லாத தூரத்தில் இருந்தார்கள். அதற்குள் ஒவ்வொரு மழைக்கும் ஒரு பத்தி போனது. கடைசியில் தூண், நிலை, உத்தரம் என்று எண்ணி விலை பேசினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்காளி மகளின் படிப்பு முடிந்தது, எங்கள் ஆத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சென்னைக்குப் பக்கத்து முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் இருக்கும் செட்டிநாட்டு வீடும் இடிபட இருந்த வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போய் எழுப்பியதுதான். மக்கிப்போவதைவிடப் பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் அந்த மரம் நிற்பது மேல்.

கொத்தனார் மகன்:

தம்பி, உங்கள் நிலைமை புரிகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எல்லா மரமும் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தூண் ஓரிடம், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை வேறிடம் என்று கிடக்கிறது. ஒரே வீட்டு நிலையும் கதவும் இரண்டு ஊருக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிய ஆசாரி அதை ஒரு வாசலுக்கு என்று செதுக்கினார்.

வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மாட்டிக்கொள்ள வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பாகமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது.

ஆச்சி:

இவ்வளவு நேரமாக ஆண்கள் முகப்பையும் தூணையும் பேசுகிறீர்கள். நான் அப்படி ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள். என் இருபது வருடம் மூன்றாம் கட்டிலும் நான்காம் கட்டிலும் கழிந்தது. ஆண்கள் உட்காரும் பட்டாலையில் சலவைக்கல், எங்களுக்குப் புகை. ஒரே கூரைக்குக் கீழே ஒவ்வொரு மகனுக்கும் வேறு வைப்பார்கள். தனித்தனி அடுப்பு, தனித்தனிக் கணக்கு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே தோட்டத்தில். மாதத்தில் மூன்று நாள் எங்கே உட்கார வைப்பார்கள் என்று தெரியாதவர்கள் உங்கள் அப்பத்தாவிடம் கேளுங்கள். ‘இயல்பு மாறாமல்’ என்று சொல்லும்போது எது மாறக்கூடாது என்று முதலில் பேசுங்கள்.

அதற்காக வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் கட்டின் ஆட்டுக்கல், அம்மி, வத்தல் காயப்போட்ட முற்றம், பெட்டகச் சாமான் அறை, இவை எல்லாம் எங்கள் உழைப்பு கிடந்த இடம். பழுது பார்க்கிறவர்கள் முகப்புக்கு மெருகு போட்டுவிட்டுப் பின்கட்டைக் கார் நிறுத்த இடிக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பின்கட்டும் வீடுதான். ஆனால் வயதான ஒரு பெண்மணி இரவில் எழுந்து நடக்கிற தூரத்தில் ஒரு கழிப்பறை வையுங்கள். படைப்புக்கு வருகிற கிழவிகளில் பாதிப் பேர் அது இல்லாததால்தான் மாலையே கிளம்பிவிடுகிறார்கள்.

பங்கு வீட்டுக்காரன்:

ஆச்சி, நீங்கள் சொன்னது சுட்டது. எங்கள் அப்பத்தா கடைசி நாலு வருடம் வீட்டுக்கே வரவில்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது.

பினாங்கு வாசி:

வெளியூர்க்காரனின் ஒரு வார்த்தை. எங்கள் ஜார்ஜ் டவுனுக்கு 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி கிடைத்தது. செட்டியார்கள் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த பினாங்கு தெரு உட்பட, பழைய கடைவீடுகள் நிறைய இங்கே உண்டு. இங்கேயும் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசிக் கெடுத்த பிறகுதான் திரும்பச் சுண்ணாம்புக்கு வந்தார்கள். கொத்தனார் மகன் சொல்வது இந்த ஈரக் காற்றிலும் அப்படியே பொருந்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2000-ல் பழைய வாடகைக் கட்டுப்பாடு போனது, பிறகு மரபுத் தகுதி வந்தது, வாடகை ஏறியது, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். வீடுகள் அழகாக நிற்கின்றன. உள்ளே காப்பிக் கடையும் தங்கும் விடுதியும். செட்டிநாட்டுக் கிராமங்களும் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாளைக்கு விடுதிக்காரர் வந்து குத்தகை கேட்டால் என்ன சொல்வது என்று பங்காளிகள் இப்போதே பேசி வையுங்கள்.

சைட் இன்ஜினியர்:

விடுதி என்றால் என்ன தவறு? கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் எல்லாம் இன்றைக்கு நன்றாக நிற்பது விருந்தினர் பணம் வருவதால்தான். வருமானம் இல்லாத வீட்டுக்கு ஓடு மாற்ற யார் பணம் தருவார்?

கொத்தனார் மகன்:

தவறில்லை. ஆனால் ஒன்பது பங்கும் கையெழுத்துப் போட்டால்தான் விடுதி. ஒரு பத்தியின் கூரைக்கே கூடாதவர்கள் அதற்குக் கூடுவார்களா? இந்த வருடத்துக்கு ஆகிற வேலையைச் சொல்கிறேன்.

முற்றத்தில் கிடக்கும் மரத்தை யாரும் விறகாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கின் வைரப் பகுதியைக் கரையான் லேசில் தொடாது. சுவருக்குள் சொருகியிருந்த முனைதான் ஈரத்தில் உளுத்திருக்கும். உளுத்த முனையை மட்டும் அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே துண்டு போட்டு ஒட்டிணைக்க ஆசாரி இருக்கிறார். முழு ஓடுகளைத் தனியே அடுக்குங்கள், பாதிக்கு மேல் தேறும் என்பது என் அனுபவம். குறையும் ஓட்டுக்கு, இடிகிற வீடுகளில் வாங்குங்கள். புதிதாகப் போடும் மரம் புதியதாகவே தெரியட்டும், சாயம் அடித்துப் பழையதாகக் காட்ட வேண்டாம். நாளைக்குப் பழுது பார்க்கிறவனுக்கு எது பாட்டையா வைத்தது, எது நாம் வைத்தது என்று தெரிய வேண்டும்.

விழுந்த இடத்தில் செதுக்கு வேலை ஏதாவது தொலைந்திருந்தால் ஊகித்துச் செதுக்காதீர்கள். பழைய கல்யாணப் புகைப்படங்களில் அந்தப் பத்தி இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வெறுமையாக விடுங்கள்.

சைட் இன்ஜினியர்:

சரி. சுவர் நிலைமையைப் பார்க்காமல் தளம் போடச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, மரம் ஏற்றும் முன் சுவர் தலைப்பைப் பிரித்துப் புதுச் சுண்ணாம்பில் கட்டி, அது இறுகும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி உட்காரும். இரண்டு, ஆச்சி கேட்ட கழிப்பறையைப் பழைய சுவரோடு ஒட்டாமல், பின்கட்டு முற்றத்தில் தனி அடித்தளத்தில் கட்டுங்கள். அதற்குச் சிமெண்டும் கம்பியும் தாராளமாகப் போடலாம். குழாய் எதுவும் சுண்ணாம்புச் சுவருக்குள் போகக் கூடாது. ஓட்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. வருடா வருடம் ஏறிப் பார்க்க ஆள் வைக்க முடியாவிட்டால் நாட்டு ஓட்டுக்குப் பதில் இயந்திரத்தில் அச்சடித்த சீமை ஓடாவது போடுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அதுவும் உண்டு.

கொத்தனார் மகன்:

சுவர் தலைப்பைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அது. சீமை ஓட்டுக்குச் சரிவும் சட்டத்தின் இடைவெளியும் வேறு, பக்கத்துப் பத்தியின் நாட்டு ஓட்டோடு சேரும் மூலையில்தான் ஒழுகும். அந்த ஒரு காரணத்தால் நான் வேண்டாம் என்பேன்.

பங்கு வீட்டுக்காரன்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று ஊருக்குப் போய்ப் படியை எண்ணினேன். சின்ன வயதில் நாங்கள் ஆறு படி குதிப்போம். இப்போது மூன்றரை தெரிகிறது. கல் சாக்கடையின் வெளிவாய் ரோட்டுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. காவல்காரர் கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்புத் தண்ணீர் வந்தது.

ஒன்பது பங்கில் ஐந்து பேர் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் விற்கலாம் என்கிறார்கள். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. இந்த மழைக்குள் கூரை முடியாது. அதனால் விழுந்த பத்தியின் சுவர் தலைப்பு நனையாமல் தார்ப்பாய்ப் பந்தல், சாக்கடையைத் திறந்துவிடுவது, முகப்பு அறைகளில் சிமெண்டைச் சுரண்டிச் சுவரைக் காயவிடுவது, இவை மட்டும் இப்போது. தை பிறந்ததும் சுண்ணாம்பு ஊறப்போடலாம் என்று கொத்தனார் மகன் தனிமடலில் சொன்னார். கழிப்பறைக்கு இடம் மூன்றாம் கட்டுக் கிணற்றுக்கு எதிரே குறித்திருந்தோம். கிணற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் கழிவுத்தொட்டி வரலாமா என்று காவல்காரர் மனைவி கேட்டார். அதை மாற்ற வேண்டும். இன்ஜினியர் அண்ணன், எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று ஒரு வரைபடம் போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?